ஒரு குப்பி, மூன்று பேர்

பெருமுக்கல்லிலிருந்து கிளியனூர் வரும் வழி முழுக்கக் கிருஷ்ணவேணி கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மூடிக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. கண் அதுவாக மூடிக்கொண்டது. வெயிலும் எதிர்க்காற்றும் பட்டுவிட்டால் இரண்டு இமைகளும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். ஒரு கையால் கணவரின் தோளைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் பை. பைக்குள் பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், மகள் பானுப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை.

"பத்திரிகைய வச்சிட்டு, பேச்சோட பேச்சா கேட்டுடு," என்றார் அரங்கநாதன் வண்டியை ஓட்டியபடி. "செவ்வாக்கெழம கண்டிப்பா வந்துடணும்னு."

"கேக்கறேங்க."

"அந்த மனுஷன் போன தடவ மாதிரி வராம பேஜாரு பண்ணிட்டா நம்ம கதை முடிஞ்சது."

அது அவளுக்கும் தெரியும்.

நான்கு வருஷமாக இந்தத் தொல்லை. முதல் வருஷம் யாரும் இதை நோயென்று எண்ணவில்லை. கொல்லையில் மல்லாட்டைச் செடி பறிக்க வந்த பெண்கள், அம்மா நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று சிரித்தார்கள். சொந்தக்காரர்கள், பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறாளே, என்ன திமிர் என்றார்கள். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாதான் இது இமைத் தசைக்கு மூளை கொடுக்கிற தப்பான உத்தரவு என்று சொன்னார். அடியோடு தீர்க்க மருந்தில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி நான்கைந்து இடத்தில் சின்னச் சின்ன ஊசி போட்டால் அந்தத் தசை தளர்ந்துவிடும். நாலு நாளில் கண் திறக்க ஆரம்பிக்கும், பத்து நாளில் முழுசாகத் திறக்கும். மூன்று மாதம் தாங்கும். பிறகு மறுபடியும் போட வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் பொடியாக வரும். ஒருமுறை கரைத்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி மூன்று பேருக்குப் போதும். அதனால் மூன்று பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் டாக்டரம்மா குப்பியைத் திறப்பார். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கிருஷ்ணவேணியின் குப்பியில் இன்னும் இரண்டு பேர். கோட்டக்குப்பம் நஃபீசா பீவி ஒருவர். கிளியனூர் சின்னதுரை இன்னொருவர். இரண்டரை வருஷமாக இந்த மூவருக்கும் ஒரே நாள், ஒரே பெஞ்சு. சின்னதுரையைக் கைப்பிடித்துக் கூட்டி வருபவள் அவர் மனைவி அஞ்சலாட்சி. தேதி நெருங்கினால் மற்ற இருவருக்கும் போன் செய்து நினைவுபடுத்துவதும் அவள்தான். ஊசி போட்ட பிறகு நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. மூவரும் கண்ணோரம் ஐஸ் ஒற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் எதிரில் நின்று காவல் காப்பாள்.

"மூணு பேரும் கண்ணாமூச்சி ஆட வந்த மாதிரி குந்தினு இருக்கீங்க," என்று ஒருமுறை சொன்னாள். சின்னதுரை பதிலுக்கு மூக்கால் ஏதோ ஒரு மெட்டை முனகினார். அவருக்கு அது ஒரு வித்தை. பாட்டு முனகினால் அந்த நேரத்துக்கு மட்டும் கண் திறக்கும். கிருஷ்ணவேணிக்கு நெற்றிப்பொட்டை அழுத்தினால் ஐந்தாறு நொடி திறக்கும். நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் முனகிக்கொண்டே கண்ணைத் திறந்து மனைவியை முறைக்க, அவள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். நஃபீசா பீவியின் மகள் தமன்னா அதைப் போனில் படம் எடுத்தாள்.

போன தேதிக்குச் சின்னதுரை வரவில்லை. ஆஸ்பத்திரி ஜெசிந்தா சிஸ்டர் எத்தனையோ முறை அழைத்தும் அந்த வீட்டில் போன் எடுக்கவில்லை. இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். அடுத்த குப்பி வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது வரும் செவ்வாய்க்கிழமைதான் நாள். கல்யாணம் அதிலிருந்து பன்னிரண்டாம் நாள்.

பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்கும்போது தாரை வார்க்க வேண்டும். அப்பா கையை நீட்ட, அம்மா செம்பிலிருந்து நீரை ஒழுங்காக ஊற்ற வேண்டும். நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளையின் அத்தை ஜாடையாகச் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்குக் கண்ணு ஒத்துழைக்கலன்னா பெரியப்பா பெரியம்மா வார்த்துக் குடுக்கட்டும். தண்ணி கீழ ஊத்திடுச்சின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, இல்லீங்களா?" அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் கிருஷ்ணவேணிக்கு அதிகமாக வலித்தது. ஒற்றை மகள். அவளைத் தாரை வார்க்கும் நேரத்தில் ஓரமாக நிற்பதா?

கிளியனூரில் சின்னதுரை வீட்டு வாசலில் நிற்கும்போதே வண்டியின் பின் டயரில் காற்று இறங்கியது.

"நீ உள்ள போ, வேணி. வாசப்படி மூணு. நேரா போனா கூடம்," என்றார் அரங்கநாதன். "ரோட்டு மேல பஞ்சர் கடை பாத்தேன். ஒட்டினு வந்துடறேன்."

அவள் சுவரைத் தடவிக்கொண்டு படியேறினாள்.

"யாரு?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தாண்ணே, பெருமுக்கல் கிருஷ்ணவேணி."

"வாம்மா." குரல் வந்த பக்கம் பாய் சரசரத்தது. "நாற்காலி உன் இடது கைப் பக்கம் இருக்கும், பாரு. எனக்கும் தெரியல. தடவிப் பாத்துக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "நல்ல சோடிதான் நாம. அக்கா இருந்தா இதுக்கே ஒரு வார்த்தை சொல்லுவாங்க. எங்கண்ணே அக்கா? போனு ஒரு மாசமா சுவிட்ச் ஆஃப்னே வருது. கெட்டுப்போச்சா?"

"மருமவ கயனிக்குக் களையெடுக்கப் போயிருக்குது. பையன் வேலைக்கு," என்றார் அவர். கேட்டதற்குப் பதிலாக இல்லை அது. கிருஷ்ணவேணி கவனிக்கவில்லை. மனசு முழுக்கச் செவ்வாய்க்கிழமையில் இருந்தது.

"பானுவுக்குக் கல்யாணம் கூடியிருக்குண்ணே. மாப்பிள்ளை கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்துல மண்டபம். பத்திரிகை வைக்கத்தான் வந்தேன்." தட்டைப் பையிலிருந்து எடுத்து, வெற்றிலையை அடுக்கி, குங்குமச் சிமிழை மேலே வைத்தாள். எல்லாம் கைப்பழக்கம். "நீங்களும் அக்காவும் சேர்ந்து நில்லுங்க. சோடியா நிக்கவச்சுக் குடுக்கணும்."

அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

அவள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அக்கோவ். அடுப்ப அணைச்சிட்டு வாங்க. வந்தவள எவ்ளோ நேரம் காக்க வைப்பீங்க."

"அவ வரமாட்டாம்மா," என்றார் சின்னதுரை.

"ஏண்ணே, கோவமா? போனு எடுக்கலன்னதும் நான் நேர்ல வந்து பாத்திருக்கணும். தப்புதான். நானே பேசிக்கறேன்."

"கோவமில்ல. தட்ட அப்படியே வச்சிடு."

அவள் எழுந்து வலது கையை நீட்டித் துழாவினாள். முழங்காலில் ஒரு ஸ்டூல் இடித்தது. பூ வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் வந்தன. சாமி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டை அங்கேயே வைத்தாள். விரல் நுனியில் சூடு பட்டது. நடுப்பகலில் விளக்கு எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது. நெற்றிப்பொட்டை அழுத்தினாள். இமை பிரிந்தது.

ஸ்டூலின் மேல் அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள், கழுத்தில் சாமந்தி மாலையோடு, முன்னால் சிறு விளக்கோடு. அதற்கு முன்னால் இவள் கொண்டுவந்த தட்டு. மஞ்சள் தடவிய பத்திரிகை. குங்குமம்.

கண் மறுபடி மூடிக்கொண்டது. அவள் அழுத்தவில்லை.

"அண்ணே," என்றாள்.

"நாப்பத்தோரு நாள் ஆவுது," என்றார் அவர். "காமால. மொதல்ல சாதாரண ஜுரம்னு நெனச்சோம். நாம ஊசிக்குப் போவ வேண்டிய அதே செவ்வாக்கெழம காலையிலதான் அவள புதுச்சேரிக்குத் தூக்கினு ஓடினது. பன்னெண்டு நாள் இருந்தா."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே."

"உங்க நம்பரெல்லாம் அவ போன்ல இருந்துது. யாரும் அத தொறக்கல."

கிருஷ்ணவேணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துக்க வீட்டில் குங்குமத்தை வைத்து, இறந்தவளைச் சோடியாக வந்து நில் என்று கூப்பிட்டிருக்கிறாள். வேறு வீடாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

"நீ பாக்கல. உன் தப்பில்ல," என்றார் சின்னதுரை, அவள் நினைத்தது காதில் விழுந்ததுபோல. அவரும் தரையில் உட்கார்ந்தார். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப என் கண்ணும் பூட்டிக்கிச்சு. மருந்து தீந்துபோச்சு இல்ல. அவ சொல்லுவா, 'பாட்டு எடு, என்னப் பாத்துக்கோ'ன்னு. வார்டுல மெதுவா முனகுவேன். தொறக்கும். பாப்பேன். மஞ்சளா கெடப்பா. அப்பவும் சிரிப்பா, பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு ஓசியில கச்சேரின்னு."

விளக்குத் திரி பொரிந்தது.

"வீட்டுக்கு எடுத்தாந்து, குளிப்பாட்டி, இந்த எடத்துலதான் கெடத்தினாங்க. தூக்கறதுக்கு முன்ன, மொகத்தப் பாத்துக்கோப்பான்னு பையன் கையப் புடிச்சி கூட்டினு வந்தான். கண்ணு தொறக்கல. பாடுனா தொறக்கும். ஊர் சனமே நிக்குது. பொண்டாட்டி பொணத்துக்கு முன்னாடி நின்னு பாட்டு முனகறவன இன்னான்னு நெனப்பாங்க? வெக்கமா பூடுச்சி. வாய மூடிக்கினேன். அவ்ளோதான். தூக்கிட்டாங்க."

கிருஷ்ணவேணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பாக்க வேண்டியத பாக்கல. இனிமே ஊசி போட்டு, தொறந்து, யாரப் பாக்கப் போறேன்? சிஸ்டர் எப்படியோ என் பையன் நம்பரப் புடிச்சி நேத்து போன் பண்ணாங்களாம். வரலன்னு சொல்லிடுன்னேன்." அவர் குரல் தணிந்தது. "அது சரி, நீ இவ்ளோ தூரம் வந்தது எதுக்கு? பத்திரிகைக்கு மட்டுந்தானா?"

சொல்லலாம். இதோ சொல்லும் இடம். அவள் வாய் திறந்தது.

"பத்திரிகைக்குத்தாண்ணே," என்றாள்.

சிமிழை எடுத்துப் பைக்குள் போட்டாள். தட்டையும் எடுக்கப் போனபோது அவர் கேட்டார், "மேல இன்னான்னு பேரு எழுதியிருக்க?"

"சின்னதுரை அண்ணன், அஞ்சலாட்சி அக்கான்னு."

"அப்ப பத்திரிகைய விட்டுடு. அது அவளுக்கு வந்தது."

திரும்பும் வழியில் தைலாபுரம் தாண்டியதும் அரங்கநாதன் கேட்டார், "இன்னா சொன்னாரு?"

"நான் கேக்கலீங்க."

"அதுக்குத்தான வேணி வந்தோம்?"

"அந்த வீட்டுல அத கேக்க முடியாதுங்க."

நடந்ததை அவள் முழுசாகச் சொல்லி முடித்தபோது அவர் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, "தாரை வார்க்கிறது நீயும் அண்ணியுமா இருக்கறதா வச்சிக்கோ, அப்புறம் சொல்றேன்" என்றார். கிருஷ்ணவேணி அதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டு கேப்பை மாவைக் கரைத்தாள். கட்டி தட்டியதா என்று விரலால்தான் பார்க்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் விழுப்புரத்துக்குப் போனாள். போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் போனாள். நஃபீசா பீவியும் வந்திருந்தார்.

"நீ கேட்டிருந்தா வந்திருப்பாரு," என்றார் நஃபீசா பீவி. பிறகு அவரே, "கேக்காம வந்ததுதான் சரி. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். "அஞ்சலாட்சி போயிட்டான்னு நீ போன்ல சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல, புள்ள. தமன்னா அன்னிக்கு எடுத்த படத்த எல்லாருக்கும் அனுப்பினாளே, அது அவ போன்ல இருக்கான்னு பாக்கச் சொல்லணும்."

பதினொன்றரைக்கு ஜெசிந்தா சிஸ்டர் வந்து நின்றார். "வரலன்னுதான் சொன்னாங்க. இருந்தாலும் பன்னெண்டு வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்கு மேல மேடம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடுவாங்க."

பன்னிரண்டுக்கு ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மெட்டு கேட்டது. மூக்கால் முனகும் மெட்டு. நிறுத்தி நிறுத்தி, பத்தடிக்கு ஒரு முறை. நஃபீசா பீவி கிருஷ்ணவேணியின் முழங்கையைப் பிடித்தார்.

"கூப்பிட்டு வர ஆளில்லியா?" சிஸ்டரின் குரல்.

"தனியாத்தாம்மா வந்தேன். பாடிக்கினே வந்துட்டேன்." சின்னதுரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "கிளியனூர்லேர்ந்து திண்டிவனம், அங்கேர்ந்து இங்க. ரெண்டு பஸ்ஸு. வழி முச்சூடும் பாடினு வந்தேன். ஒருத்தன், ஒருத்தன்கூட ஒண்ணும் கேக்கல. பக்கத்துல இருந்த பொம்பள, பாவம்னு எழுந்து ஜன்னல் சீட்டக் குடுத்துட்டு உக்காந்துது."

கிருஷ்ணவேணி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அன்னிக்கும் யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, இல்ல?" என்றார் அவர்.

நஃபீசா பீவி மெதுவாக, "தெரியாம நடந்தது, சின்னதுரை. அவளுக்குத் தெரியும்" என்றார்.

"நீ போனப்புறம் மருமவகிட்ட பத்திரிகையப் படிக்கச் சொன்னேன்," என்றார் அவர் கிருஷ்ணவேணியின் பக்கம் திரும்பி. "தேதியக் கேட்டதும் விரல விட்டு எண்ணுனேன். செவ்வாலேர்ந்து பன்னெண்டு நாள். அவ எப்பவும் அப்படித்தான் எண்ணுவா. இதுக்குத்தான் நீ வந்தன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஏம்மா கேக்கல? அவளா இருந்தா என் காத புடிச்சி இழுத்தாந்திருப்பா."

"எப்படிண்ணே கேக்கறது."

"பாக்க வேண்டிய நேரத்துல பாக்க முடியாம போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டுல அது நடக்க வேணாம்."

டாக்டரம்மா குப்பியைத் திறந்தார். நஃபீசா பீவிக்கு முதலில், பிறகு கிருஷ்ணவேணிக்கு, கடைசியாகச் சின்னதுரைக்கு. எறும்பு கடிப்பதுபோல ஒவ்வொரு கண்ணையும் சுற்றி ஐந்து குத்து. பிறகு மூவரும் வழக்கம்போலத் தாழ்வாரத்தில் ஐஸ் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரோரம் காலியாக இருந்தது. கண் மூடியிருந்தாலும் மூவருக்கும் அது தெரிந்தது. சின்னதுரைக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கை கண்ணுக்குப் போகும் அரவம் கேட்டதும் கிருஷ்ணவேணி தடவி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கசக்காதீங்கண்ணே. அப்படியே வழியட்டும்."

நாலு மணி நேரமும் அந்தக் கையை அவள் விடவில்லை.

கல்யாணத்தன்று விடிகாலை, திண்டிவனம் மண்டபத்தின் மணமகள் அறையில் பானுவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணவேணியின் போன் அடித்தது. திரையில் பார்த்தாள். பார்க்க முடிந்தது, ஆறு நாளாக. திரையில் இருந்த பெயர் அஞ்சலாட்சி அக்கா.

அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள். பிறகு எடுத்தாள்.

"நான்தாம்மா. அவ போன சார்ஜ் போட்டேன்," என்றார் சின்னதுரை. "கண்ணு எப்படி இருக்குது?"

"தொறந்துடுச்சிண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும். வருஷம் திரும்பல, அதான் மண்டபத்துக்கு வரல, தப்பா நெனக்காத." அவர் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். அவ படத்த இப்பத்தான் ஒழுங்கா பாக்கறேன். பையன் அவசரத்துல அவ போன்லேர்ந்து எதையோ எடுத்து வெட்டிப் போட்டிருக்கான். வாய தொறந்து சிரிக்கிறா. கண்ணு நேரா இல்ல. பக்கத்துல யாரையோ பாத்துக்கினு இருக்கா. பின்னால பச்சச் சுவரு. எந்த எடம், யாரப் பாத்துச் சிரிக்கிறான்னு புரியவே இல்ல. ராத்திரி பூரா யோசிச்சேன்."

கிருஷ்ணவேணி பூச்சரத்தைக் கீழே வைத்தாள்.

"அது நம்ம ஆஸ்பத்திரி தாழ்வாரம்ணே. தமன்னா எடுத்தது. கண்ணாமூச்சின்னு அக்கா கிண்டல் பண்ணாங்க, நீங்க பாட்ட முனகிக்கினே அவங்கள மொறச்சீங்க. அப்ப சிரிச்ச சிரிப்பு அது. உங்களத்தாண்ணே பாக்கறாங்க."

மறுமுனையில் மிக மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. இப்போது கண் திறக்க அவருக்கு அது தேவையில்லை. ஆனாலும் அந்த மெட்டு ஒரு சுற்று முழுசாக ஓடி முடிந்தது.

"போய்ப் புள்ளயக் கவனி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

முகூர்த்த நேரத்தில் பெரியம்மா செம்பை எடுத்து வந்து கிருஷ்ணவேணியின் கையில் கொடுத்தாள். அரங்கநாதன் மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்துத் தன் கையால் ஏந்தினார். மண்டபத்தின் விளக்கெல்லாம் முகத்தில் அடித்தது. மாப்பிள்ளையின் அத்தை முன்வரிசையில் எழுந்து நின்று பார்த்தாள்.

கிருஷ்ணவேணி செம்பைச் சாய்த்தாள். நீர் மெல்லிய கயிறாக இறங்கி, மூன்று கைகளின் மேலும் விழுந்து, தாம்பாளத்துக்குப் போனது. மகளின் மருதாணி விரல்கள் நனைவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை இமைத்தாள். அது அவளாக இமைத்தது. நீர் அறுபடவில்லை.